முயல் கண்ணும் நம்ம பினாயிலும்

நான் பத்தாவது வரை படிச்சவள். தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டில் இரண்டு முயல் வளர்க்கிறோம். ஒருநாள் என் மகள், “அம்மா, தரை துடைக்கிற மருந்தை முயல் கண்ணுல விட்டுத்தான் எரியுதான்னு பார்ப்பாங்களாம்” என்றாள். நான் நம்பவில்லை. அவள் டீச்சரைக் கேட்டேன். 1944-ல் அமெரிக்காவில் வந்த சோதனையாம். நம்ம நாட்டில் 2014-ல் தடை செய்தது அழகுப் பொருட்களுக்கு மட்டும்தான். தரை துடைக்கிற மருந்து அதில் வராது.

அன்றோடு கடை பாட்டிலை நிறுத்திட்டேன். “நீ ஒருத்தி வாங்காட்டி கம்பெனியை மூடிருவானா?” என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். நம்ம குழு பினாயிலையே ஊத்தித் துடைச்சேன்.

போன மாதக் கூட்டத்தில், “நம்ம லேபிள்ல ‘எந்த உயிரையும் வதைக்காதது’ன்னு போடலாம்” என்று சொன்னேன். பொருளாளர் அக்கா கேட்டார்: “நாம வாங்குற காம்பவுண்டை எதுமேல சோதிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

எனக்கு வாயடைச்சுப் போச்சு. வீம்பு பேசினவளுக்கு அதுவே தெரியல பாருங்க. காம்பவுண்டு விற்கிறவருக்குத் தீர்மானம் போட்டு எழுதியிருக்கோம். பதில் வராம அந்த லேபிளை அச்சடிக்க மாட்டோம்.