துப்பாக்கி கடைசியில் வரட்டும்: ஓராண்டுப் பயிற்சிக்கு ஒரு திட்டம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பைச் சொன்னதும் நண்பர்கள் பலர் முகம் சுளித்தார்கள். “துப்பாக்கிப் பயிற்சிக்கு ஓராண்டுத் திட்டமா? அதுவும் நம் பிள்ளைகளுக்கா?” என்று கேட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது. நம் வீடுகளில் துப்பாக்கி என்ற சொல் இரண்டு வழியாகத்தான் நுழைகிறது. ஒன்று சினிமா. இன்னொன்று பத்திரிகையில் வரும் குற்றச் செய்தி. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அன்பர்களே. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனோ மகளோ “நான் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று வந்து நின்றால், கத்தாதீர்கள். “சரி, ஒரு வருடத்துக்குத் திட்டம் போட்டு எடுத்து வா” என்று சொல்லுங்கள். ஒழுங்காகப் போடப்பட்ட எந்தத் திட்டத்திலும் துப்பாக்கி கடைசியில்தான் வரும். வெறும் ஆசை உள்ள பிள்ளை மூன்று மாதத்தில் கழன்றுகொள்ளும். உண்மையான ஈடுபாடு உள்ள பிள்ளை நிற்கும். எது எந்தப் பிள்ளை என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

முதலில் சட்டம்

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே சொல்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். நிஜத் துப்பாக்கி என்றால் 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் வந்து நிற்கும். சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றத்தின்போது சுட்டால் கட்டாய மரண தண்டனை என்று இருந்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் என்று மாறியிருக்கிறது.

“இது பொம்மைதானே” என்று இணையத்தில் வாங்கி அலமாரியில் ஒளித்து வைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அசலைப் போலவே இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் அதே ஆயுதச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறையோ 5,000 ரிங்கிட் வரை அபராதமோ உண்டு. பெற்றோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் அலமாரியை ஒரு தடவை பாருங்கள்.

ஆகவே பயிற்சி என்பது வீட்டில் நடக்கும் காரியம் அல்ல. சங்கத்தில், அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் கண் முன்னால் நடக்க வேண்டியது. உரிமம் கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. துப்பாக்கி சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான். அந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பிறகு வருகிறேன்.

பத்து மீட்டர் தூரம்

தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி. ரவை 4.5 மில்லிமீட்டர். ஒரே கையில் பிடித்து, நின்றுகொண்டு சுட வேண்டும். 75 நிமிடத்துக்குள் 60 ரவை. அதாவது ஒரு ரவைக்கு ஒன்றேகால் நிமிடம். சினிமாவில் ஒன்றேகால் நிமிடத்தில் கதாநாயகன் ஒரு கிராமத்தையே சுட்டு முடித்துவிடுவான். இங்கே ஒரே ஒரு ரவைக்குத்தான் அந்த நேரம்.

பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். துப்பாக்கி முனையில் குறி பார்க்க ஒரு சிறு முள் இருக்கிறது. பின்னால் இருக்கும் பிளவோடு அது சரியாகப் பொருந்தாமல் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டர் தள்ளி ரவை ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் விலகிப் போய்விடும். பத்துப் புள்ளி ஏழாகவோ ஆறாகவோ இறங்கிவிடும். கண் அந்த முள்ளைத்தான் பார்க்க வேண்டும். குறிப்பலகை மங்கலாகத் தெரிந்தால் போதும். இதைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும்.

இந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கு நமக்குப் புதிதல்ல. விடியுமுன் பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முண்டு கட்டிவிடும். மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அதே அளவு, அதே சாய்வு. கை நடுங்காமல் ஒரே வேலையை ஒரே மாதிரி செய்யும் அந்தப் பொறுமைதான் துப்பாக்கி சுடுதலுக்கு மூலதனம். அது நம் குடும்பங்களில் ஏற்கெனவே இருக்கிறது.

பெண்பிள்ளைக்கு எதற்கு?

இடைவேளையில் ஓர் அம்மா என்னைத் தனியாக அழைத்து, “மகன் கேட்டால் பரவாயில்லை, மகள் கேட்கிறாள், என்ன செய்ய?” என்றார். அவருக்கு இரண்டு செய்திகளைச் சொன்னேன்.

1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லெட்சுமி தலைமையில் அங்கே சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் ஏராளம். வாளியும் கத்தியும் பிடித்த கைகள் ரைபிள் பிடித்தன. 1944 மார்ச் 30-ஆம் தேதி முதல் அணியினர் பயிற்சி முடித்து அணிவகுத்தார்கள். அந்தப் படையின் அதிகாரிகளில் ஒருவரான ஜானகி ஆதி நாகப்பன் பிறகு நம் நாட்டின் பொதுவாழ்வில் பெயர் பெற்று, 2000-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். அவர்கள் காலம் போர்க்காலம். நாம் போரை விரும்பவில்லை. ஆனால் பெண்ணின் கைக்கு உறுதி இல்லை என்று யாராவது சொன்னால், அதற்கான பதிலை நம் தோட்டத்துப் பெண்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது செய்தி 2012 லண்டன் ஒலிம்பிக். நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக ரைபிள் ஏந்தி நின்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் மலேசியப் பெண் அவர். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் அந்த நிலையிலும் உடலையும் மூச்சையும் தன் வசத்தில் வைத்திருந்தாரே, அது ஒரு நாளில் வந்ததா?

மாதவாரியாகப் பார்ப்போம்

பள்ளித் தவணையையும் நம் திருவிழாக்களையும் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் தொடங்காதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை: துப்பாக்கியே இல்லை. மாநில விளையாட்டு மன்றத்திலோ மாவட்ட இளைஞர், விளையாட்டு அலுவலகத்திலோ விசாரித்து, பதிவு பெற்ற சங்கத்தைக் கண்டுபிடியுங்கள். வயது வரம்பு, கட்டணம், பாரங்கள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கை நீட்டிப் பிடித்து இருபது விநாடி நிற்கட்டும், நாற்பது விநாடி ஓய்வு, பத்து தடவை. காற்றுக் கைத்துப்பாக்கியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். சன்னாசிமலை மாசிமகம் வருவதற்குள் தோள் வலி தீர்ந்திருந்தால் பிள்ளை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இதே காலத்தில் நான்கு விதிகள் மனப்பாடமாக வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் ரவை இருப்பதாகவே நினைக்க வேண்டும். முனை எப்போதும் குறிப்பலகைப் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும்வரை விரல் விசையில் படக்கூடாது. ‘நிறுத்து’ என்ற கட்டளை வந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துப் பின்வாங்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளை இந்த நான்கையும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: சுடுதளம். ஆனால் புள்ளிக் கணக்கு வேண்டாம். பயிற்றுநர் கண்காணிப்பில் ரவை போடாமல் விசையை அழுத்திப் பழகுவது, பிறகு வட்டமே இல்லாத வெள்ளைத் தாளில் சுடுவது. வட்டம் இருந்தால் பிள்ளையின் கண் அங்கே ஓடும். வெள்ளைத் தாளில் ஓட இடமில்லை, முள்ளைத்தான் பார்த்தாக வேண்டும். பல பிள்ளைகள் விலகிப் போவது இந்தக் கட்டத்தில்தான். சலிப்பாக இருக்கும். சலிப்பைத் தாங்குவதும் பயிற்சியில் பாதி.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: இப்போதுதான் வட்டம், இப்போதுதான் புள்ளி. வாரம் இரண்டு நாள். முதலில் 20 ரவை, பிறகு 40, பிறகு முழு 60, கடிகாரம் வைத்து. ஒரு கணக்குச் சொல்கிறேன். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 60 ரவை, நாற்பது வாரம் என்றால் 4,800 ரவை. 500 ரவை கொண்ட டப்பா பத்து போதும். ஓர் ஆண்டுக்கு அதற்குமேல் வேண்டாம். அதிகம் சுடுபவன் அதிகம் கற்பதில்லை. சுட்டதை எழுதி வைப்பவன்தான் கற்கிறான்.

அக்டோபர், நவம்பர்: சங்க அளவில் ஒன்றிரண்டு போட்டிகள். தீபாவளிக்கு ஒரு வாரம் தாராளமாக விடுப்பு. போட்டி நாளில் இதயம் படபடக்கும், கை நடுங்கும். அது எல்லாருக்கும் வரும். அதைச் சந்தித்துப் பழகத்தான் போட்டி.

டிசம்பர்: ஓய்வு. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தந்தையும் பிள்ளையும் உட்கார்ந்து ஆண்டு முழுவதையும் படிக்க வேண்டும்.

அந்த நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு பயிற்சி நாளிலும் ஒரு பக்கம். முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், எந்த ரவை தவறியது, ஏன் தவறியது, எந்த ரவையைச் சுடாமல் கையை இறக்கினேன். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். கை ஆடினால், மூச்சு தவறினால், மனம் எங்கோ போனால், சுடாமல் கையை இறக்கி மறுபடி தொடங்குவதுதான் நல்ல வீரனின் அடையாளம். விரல் விசைமேல் இருக்கும்போது “இப்போது வேண்டாம்” என்று தனக்குத்தானே சொல்லப் பழகிய பையனை, தெருமுனையில் நின்று யாரோ கூப்பிட்டால் அவ்வளவு எளிதில் இழுத்துக்கொண்டு போக முடியாது என்று நான் நம்புகிறேன்.

2004-இல் தொடங்கி 2018-இல் நிறுத்தப்பட்ட தேசிய சேவைப் பயிற்சிக்குப் போய்வந்த நம் பிள்ளைகள் சிலர், எம்-16 சுட்டதைப் பெருமையாகச் சொல்வார்கள். 2025 ஜனவரியில் அந்தத் திட்டம் 45 நாள் பயிற்சியாக மீண்டும் வந்திருக்கிறது. நல்ல அனுபவம்தான். ஆனால் சில வாரங்கள் ஓர் அறிமுகம். பழக்கம் என்று சொல்ல ஓராண்டாவது வேண்டும்.

ஓராண்டு என்ன செய்யும்?

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் என்ற தமிழ்ப் பெண்ணைப் பாருங்கள். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ரைபிள் பிரிவில் இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர் போனார்கள். அவர் பத்தாவது இடம். இரண்டே இடத்தில் வாய்ப்பு போயிற்று. அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்டில், கஜகஸ்தானில் நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டியில் அவர் தங்கம் வென்றார். தோல்விக்கும் தங்கத்துக்கும் நடுவில் இருந்தது ஏறக்குறைய ஓர் ஆண்டு. அந்த ஆண்டை அவர் அழுதே கழித்திருந்தால் தங்கம் வந்திருக்காது.

நம் பிள்ளைகள் எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாநிலத்தைப் பிரதிநிதித்து சுக்மாவில் நின்றாலே பெருமை. இராணுவத்துக்கோ போலீசுக்கோ விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு துணை நிற்கும். எதுவுமே இல்லாவிட்டாலும், ஓராண்டுத் திட்டத்தைத் தானே எழுதி, தானே முடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். சுடுதளம் தூரமாக இருக்கும், பிள்ளையால் தனியாகப் போய்வர முடியாது. ஒரே தோட்டத்தில், ஒரே தாமானில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் காரை முறை வைத்து ஓட்டலாம். கோவில் இளைஞர் பிரிவுகளும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அந்த ஏற்பாட்டைச் செய்யலாம். பிள்ளை சுடும்போது பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீங்கள் அங்கே இருப்பது போதும்.

துப்பாக்கியைப் பற்றிப் பிள்ளை யாரிடமாவது கற்றுக்கொள்ளத்தான் போகிறது. அது சினிமாவா, தெருமுனையா, பயிற்றுநரா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.