ஒரு முண்டு, எத்தனை கைகள்?

(தொடர்கல்வி மையம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஓணத்துக்குக் கசவு முண்டு வாங்குகிறோம். இதை நெய்தது யார்? தறியில் உட்கார்ந்தவர் என்போம். அது பாதிப் பதில்தான்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் பாலராம வர்மா. அவர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியேறின. அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்தன. அரசர் பெயரே ஊருக்கும் பெயரானது.

அங்கே குழித்தறிதான் சிறப்பு. நெசவாளர் குழியில் காலை வைத்து மிதிப்பார். நாடாவைக் கையால் எறிந்து பிடிப்பார். கரை இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

ஆனால் தறிக்கு முன்னே எத்தனை வேலை! நூலை நனைக்க வேண்டும். ராட்டையில் தார் சுற்ற வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்ட வேண்டும். அரிசிக் கஞ்சி பூசி, தூரிகையால் நீவி, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். மழை வந்தால் அந்த வேலை நின்றுவிடும்.

தார் சுற்றுவது யார்? பெரும்பாலும் பாட்டியும் மனைவியும்தான். கூலியோ நெய்த துணிக்குத்தான். அவர்கள் உழைப்புக்குப் பல வீடுகளில் தனிக் கூலி இல்லை. இது நியாயமா? யோசியுங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் நைஜீரியா என்று ஒரு நாடு. அங்கே யொருபா மக்கள் 'அசோ ஓக்கே' என்ற துணியை நெய்கிறார்கள். சுமார் 4 அங்குல அகலப் பட்டைகளாக நெய்வார்கள். பிறகு பட்டைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். கல்யாணத்தில் உறவினர் எல்லோரும் ஒரேவிதத் துணி உடுத்துவது அங்கே வழக்கம். நெசவு அங்கேயும் உறவைச் சேர்த்துக் கட்டுகிறது.

இப்போது ஒரு ஆபத்தைச் சொல்கிறேன். விசைத்தறி ஒரு நாளில் நிறைய நெய்துவிடும். அந்தத் துணி விலை குறைவு. அது விசைத்தறித் துணி என்று சொல்லி விற்றால் தவறில்லை. கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. அதனால் வாங்குபவர் பணம் போகிறது. நெசவாளர் வீட்டில் அடுப்பு அணைகிறது.

இதைத் தடுக்க வழி உண்டு. 2006-இல் மத்திய அரசு கைத்தறி முத்திரையைக் கொண்டுவந்தது. 2009-இல் பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்த் துணியை அந்தப் பெயரில் விற்கக் கூடாது.

ஆனால் முத்திரையைப் படிப்பவர் இருந்தால்தானே பயன்? நீங்கள் இப்போது படிக்கத் தெரிந்தவர்கள். கடையில் துணியைப் புரட்டுங்கள். முத்திரையைத் தேடிப் படியுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

நெசவாளர் சகோதரிகளே, சங்கத்தின் கூலிக் கணக்கை நீங்களே படியுங்கள். எத்தனை துணி, எவ்வளவு கூலி என்று பாருங்கள். உங்கள் பெயரிலும் உறுப்பினர் சீட்டு கேளுங்கள்.

நூலைப் பிடித்த கை எழுத்தையும் பிடித்துவிட்டது. இனி ஏமாற வேண்டாம்.