போன் கதிர்வீச்சு: 1.6 என்ற எண் சொல்வது என்ன?

உங்க போனில் *#07# டயல் செய்து பாருங்க. பெரும்பாலான போன்களில் ‘சார்’ அளவு திரையில் வரும். போனின் ரேடியோ அலையிலிருந்து உடல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண் இது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இதற்கான உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கணக்கிடுவது.

எப்படி அளக்கிறாங்க? மனிதத் தலை வடிவ அச்சில் உடல் திசுவை ஒத்த திரவத்தை நிரப்பி, பக்கத்தில் போனை முழுத் திறனில் இயக்கி, திரவத்துக்குள் உணர்கருவியை நகர்த்தி அளக்கிறாங்க. ஆக, அது உச்ச அளவு. தினமும் நாம பேசும்போது இருக்கும் அளவு அல்ல. 0.6 போட்ட போன், 1.2 போட்டதைவிட இரண்டு மடங்கு பாதுகாப்புன்னு கணக்குப் போட முடியாது.

அன்றாடம் கவனிக்க வேண்டியது சிக்னல் கோடுகளை. டவர் நல்லா கிடைச்சா போன் குறைந்த திறனில் வேலை செய்யும். லிஃப்ட்டில், சிக்னல் குறைந்த அறையில் திறனைக் கூட்டும். அங்கே போனைக் காதில் ஒட்டி நீண்ட நேரம் பேசாதீங்க. ஸ்பீக்கரோ இயர்போனோ பயன்படுத்துங்க. கதிர்வீச்சைத் தடுக்கும்னு விற்கிற ஸ்டிக்கரை நம்பிக் காசை வீணாக்காதீங்க. அது சிக்னலை மறைச்சா, போன் இன்னும் கூடுதல் திறனில்தான் இயங்கும்.