சாத்திர தானமும் ஊர்ப் பொது நூலகமும்

(ஆரணியில் நடைபெற்ற சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் விழாக்களுள் சுருத பஞ்சமி தனித்தன்மை உடையது. ஏனைய விழாக்களில் தீர்த்தங்கரர்களின் பிறப்பையும் வீடுபேற்றையும் போற்றுகிறோம். இவ்விழாவிலோ ஒரு நூல் எழுதி நிறைவுற்ற நாளைப் போற்றுகிறோம். கிர்நார் மலையின் சந்திரக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியார், ஆகம அறிவு தம்மோடு அற்றுப்போகுமோ என்று கவலையுற்றார். புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களை வரவழைத்துத் தாம் அறிந்தவற்றைக் கற்பித்தார். அவர்கள் அதனைச் சட்கண்டாகமமாக எழுத்தில் அமைத்தனர். அந்நூல் நிறைவெய்திய ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமியே இந்நாள் என்பது நம் மரபு.

அந்நூலின் பிற்கால வரலாற்றையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு வீரசேனாசாரியார் ஒன்பதாம் நூற்றாண்டில் தவளா என்னும் பேருரை இயற்றினார். அவ்வுரையின் ஓலைச்சுவடிகள் கன்னட நாட்டு மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் பேணப்பெற்றன. அவற்றைக் கண்டு வணங்கியோர் பலர். ஓதி உணர்ந்தோர் மிகச் சிலர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கிற்று. பேராசிரியர் ஹீராலால் ஜெயின் முயற்சியால் 1939 முதல் 1959 வரை 16 தொகுதிகளாக அச்சேறிய பின்னரே அது கற்போர் கைக்கு எட்டியது. மூடபித்ரியார் காத்திராவிடில் நூலே இராது. படியெடுக்க இசைந்திராவிடில் நூல் இருந்தும் பயன் இராது. காத்தல், வழங்கல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே சாத்திர தானம்.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, அதன் சமயக் கருத்துகளுக்கு விளக்கம் தேடிக் கும்பகோணத்துச் சைனர்களின் இல்லங்களை நாடினார். வேற்றுச் சமயத்தவர் என்று எவரும் கதவடைக்கவில்லை. சிந்தாமணியை வழிவழியாகப் பாராயணம் செய்துவந்த அவர்கள் பொருள் விளக்கம் தந்தனர். 1887இல் அந்நூல் வெளிவந்தது. நம்மவர் திறந்த கதவினால் தமிழுலகமே ஒரு பெருங்காப்பியத்தைத் திரும்பப் பெற்றது.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர். முதல் மூன்றையும் பெறுபவர் இன்னார் என்று நாம் பார்ப்பதில்லை. பசித்தவர்க்கு உணவு, அஞ்சியவர்க்கு அடைக்கலம், பிணியுற்றவர்க்கு மருந்து. நான்காவதும் அவ்வாறே எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும். வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடல் கல்வெட்டு, முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் அங்கு வாழ்ந்த கனகவீரக் குரத்தியாரையும் நூற்றுக்கணக்கான மாணவியரையும் குறிப்பிடுகிறது. பெண்கள் இத்துணைப் பேர் ஒருங்கிருந்து கற்ற மண், நமக்கு அண்டையிலுள்ள மண்ணே ஆகும்.

அத்தகைய பள்ளிகள் செய்த பணியின் ஒரு பகுதியை இக்காலத்தில் செய்துவருவது பொது நூலகம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது முதல் விதி. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாம் விதி. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று.

ஐந்தாம் விதி சொன்னவாறே நூலகம் வளர்ந்து வருகிறது. 2010இல் சென்னையில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோர்க்குப் பிரெய்ல் பிரிவும், குழந்தைகளுக்குத் தனித் தளமும், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போர்க்குத் தனிக் கூடமும் உள்ளன. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. நூலகத்திற்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுசெல்லும் நூலக நண்பர்கள் திட்டமும் நடைமுறைக்கு வந்துள்ளது. போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு மாவட்ட நூலகங்கள் பயிற்சிக் களமாகவே விளங்குகின்றன.

இவ்வளர்ச்சியால் ஆரணிக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பட்டு நெய்யும் இல்லங்களை நினைத்துப் பாருங்கள். கூடத்தின் பெரும்பகுதியைத் தறியே கொண்டுவிடுகிறது. எஞ்சிய இடத்தில் சமையலும் உறக்கமும் நடைபெறுதல் வேண்டும். தறியோசை ஓயாத அவ்வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவி எங்கே அமர்ந்து படிப்பாள்? பாட நூல்களை அரசு விலையின்றித் தருகிறது. அவளுக்குக் குறைவது ஓர் இருக்கையும், ஒரு விளக்கும், மாலையில் இரண்டு மணி நேர அமைதியுமே. இவற்றைக் கட்டணமின்றி, குலமும் சமயமும் கேளாமல் தரவல்ல இடம் ஊர் நூலகம். அங்கே ஒரு நாற்காலியை அளிப்பதும் சாத்திர தானமே என்பேன்.

நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் செலுத்துகிறோம். ஆகவே அந்நூலகம் முன்னரே நம்முடையது. ஆயினும் நம்முள் எத்தனை பேர் அதன் உறுப்பினர்?

நம் நூல்களின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து நம் பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டனர். முதியோர் மட்டும் வாழும் வீடுகளின் பரண்களில் ஸ்ரீபுராணமும், மேருமந்தர புராணமும், பாட்டனார் வாங்கிவைத்த பழம்பதிப்புகளும், சிற்சில ஓலைச்சுவடிகளும் கிடக்கின்றன. வீடு கைமாறும் நாளில் அவை பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. தரசேனர் கொண்ட கவலை இன்று நம்மைச் சார்ந்தது.

திருக்கோயிலில் ஒரு பேழை அமைத்து அவற்றை வைத்தால் போதாதா என்று சிலர் வினவுவர். அதுவும் வேண்டியதே. ஆனால் கோயில் பேழையை நாடி வருவோர் நாமே. தமிழ்ச் சமணர் என்றால் வடநாட்டிலிருந்து வந்தவர் என்றே அடுத்த தெருவினர் இன்னும் எண்ணுகின்றனர். நீலகேசியும் அறநெறிச்சாரமும் நம் சமயத்தார் தமிழுக்குத் தந்த நூல்கள் என்பதை அவர்கள் எங்கே கற்பர்? ஊர் நூலகத்து அலமாரியில் அந்நூல்கள் இருப்பின், ஒரு நாளில் ஒரு மாணவன் எடுத்துப் பார்ப்பான். அவன் அறிந்துகொண்டது அவன் வீட்டிற்கும் போய்ச் சேரும்.

எனவே இவ்விழாவில் நம் அறக்கட்டளைக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, குடும்பத்திற்கு ஒருவரேனும் நூலக உறுப்பினராதல் வேண்டும். இயன்றவர் புரவலர்களாகவும் ஆகலாம். இரண்டாவது, நம் இல்லங்களில் உள்ள சுவடிகளுக்கும் பழம்பதிப்புகளுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து, அரியவற்றை ஒளிப்படப் படியாக்குதல் வேண்டும். மூலம் உரியவரிடமே இருக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற பொது இடங்களுக்குப் படி செல்லட்டும். இன்று மறுபதிப்பாகக் கிடைக்கும் நம் நூல்களை வாங்கி ஊர் நூலகத்திற்கு அளிப்போம். மூன்றாவது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். நூலகரின் இசைவோடு வாரத்தில் ஒரு மாலை அங்கு அமர்ந்து, ஐயம் கேட்கும் பிள்ளைகளுக்கு விடை கூறட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தவறாமல் செல்லும் மனம் வேண்டும்.

இன்று நூல்களை அலங்கரித்துப் பல்லக்கில் ஏற்றி வலம் வந்தோம். அது நம் பக்தி. நாளை அவற்றைப் பிறர் விரித்துப் படிக்க வழிசெய்வோம். அது நம் அறம். 

அறிவு பரவுக! அருகன் அறம் வளர்க!