இடுக்கண் காலத்து ஒரு நூல்: சீனரின் 'யீ ஜிங்'

   

சீனரின் பழம்பெரும் நூல்களுள் 'யீ ஜிங்' என்பதும் ஒன்று. 'மாற்றங்களின் நூல்' என்பது அப்பெயரின் பொருள். சௌ மரபினர் ஆட்சி செய்த காலத்தில், கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் முற்பகுதியில், அதன் மூலப்பகுதி உருப்பெற்றது. அது குறி கேட்பதற்கென்றே எழுந்த நூல். தமிழில் 'குறி' என்னும் சொல் அடையாளத்தையும் சுட்டும். வருவது உரைத்தலையும் சுட்டும். யீ ஜிங்கிற்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. முழுக்கோடும் நடுவில் முறிந்த கோடுமாக ஆறு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 64 குறிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயர், ஒரு சிறு வாசகம், கோட்டிற்கு ஒன்றாக மேலும் ஆறு வாசகங்கள். நூலின் மூலம் இவ்வளவே. பின்னர் 'பத்துச் சிறகுகள்' என்னும் உரைப்பகுதிகள் சேர்ந்தன. அவற்றைக் கன்பூசியஸ் இயற்றினார் என்பது மரபு. இன்றைய ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை.

குறி கேட்கும் முறை பொறுமையைச் சோதிப்பது. ஒருவகைச் செடியின் உலர்ந்த தண்டுகள் ஐம்பதை எடுத்து, ஒன்றை விலக்கி வைத்து, எஞ்சிய 49ஐ இரு கூறாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணிக் கழிக்க வேண்டும். மும்முறை இவ்வாறு செய்தால் ஒரு கோடு கிடைக்கும். ஆறு கோடுகளுக்குப் பதினெட்டு முறை. நெஞ்சம் பதறி வந்தவரும், எண்ணி முடிப்பதற்குள் தம் கேள்வியைப் பலமுறை தமக்குள்ளேயே கேட்டுப் பார்த்திருப்பர். காசுகளைச் சுண்டிப் பார்க்கும் எளிய முறை பின்னாளில் பரவியது. விரைவு கூடிற்று, அந்த இடைவெளி போயிற்று.

நூலின் பிறப்பையே துன்பத்தோடு இணைத்துப் பேசுவது சீன மரபு. ஷாங் மரபின் கடைசி மன்னன் வென் என்னும் தலைவரை யூலி என்னுமிடத்தில் சிறை வைத்தான் என்றும், அச்சிறையிலேயே அவர் இக்குறிகளை விரித்தார் என்றும் கூறுவர். வரலாற்றாசிரியர் சீமா சியேன் நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடலில் இச்செய்தியை எடுத்துக்காட்டுகிறார். பெருநூல்கள் பல, வழி அடைபட்ட மனிதர்களிடமிருந்தே பிறந்தன என்பது அவர் கருத்து. அவரே தோற்ற படைத்தலைவன் ஒருவனுக்காகப் பரிந்து பேசி, ஆண்மையிழக்கும் கொடுந்தண்டனைக்கு ஆளானவர். ஆதலின் அக்கருத்தினை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ள இயலாது.

தோல்வியையும் தடையையும் இந்நூல் ஒரே பெயரால் அழைப்பதில்லை என்பது கவிஞர்கள் கருதத்தக்கது. மலைமேல் நீர் நிற்பது ஒரு குறி. அது நொண்டி நடக்கும் நிலை. பள்ளத்தின்மேல் பள்ளமாக நீர் இரட்டித்து நிற்பது மற்றொன்று. மண்ணுக்கடியில் நெருப்பு புதைந்திருப்பது, ஒளி காயமுற்ற நிலை. 47ஆம் குறியின் பெயர் 'குன்'. அதனைக் குறிக்கும் சீன எழுத்தே நான்கு புறமும் அடைத்த கட்டத்துக்குள் ஒரு மரம் நிற்பதாக எழுதப்படுகிறது. 'துன்பம்' என்று பொதுவாக முறையிட்டு வந்தவரை நோக்கி, 'எத்தகைய துன்பம்?' என்று நூல் திருப்பிக் கேட்கிறது எனலாம். நொண்டுபவர் செய்ய வேண்டுவதும் அடைபட்டவர் செய்ய வேண்டுவதும் ஒன்றல்லவே.

குறி நல்லதாக அமைந்தும் அதனை ஏற்க மறுத்த ஒரு பெண்ணின் வரலாறு 'சோ சுவான்' என்னும் பழைய வரலாற்று நூலில் உள்ளது. லூ நாட்டு மன்னனின் தாய் மூ ஜியாங். காதலனோடு கூடி, நாட்டின் பெருங்குடிகள் இரண்டை வீழ்த்தச் சூழ்ச்சி செய்தாள், அது தோற்றது. கிழக்கு அரண்மனையில் அவளைச் சிறை வைத்தனர். உள்ளே புகும்போது குறி பார்த்தாள். 'சுவேய்', அதாவது பின்செல்லுதல் என்னும் குறியைக் கண்ட குறியாளர், விரைவில் வெளியேறுவீர் என்றார். அவள் உடன்படவில்லை. அக்குறியின் நற்பயன், அதிற் கூறப்படும் நான்கு நற்பண்புகளும் உடையார்க்கே உரியது. அவற்றுள் ஒன்றும் தன்னிடம் இல்லை. நாட்டைக் குழப்பியதும் தன்னைக் கெடுத்துக்கொண்டதும் தானே. எனவே இங்கேயே இறப்பேன் என்று விடையளித்தாள். கி.மு. 564இல் அவ்வாறே அங்கு இறந்தாள். பெண் என்பதையும் ஒரு குறைபோல அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் ஆடவர் என்பதை மறந்துவிடலாகாது. ஆயினும் குறியாளரைவிட நூலை நன்கு படித்தவள் அவளே. நற்சொல் ஒன்று கிடைத்ததும் அதைப் பற்றிக்கொள்ளாமல், அதற்குத் தான் உரியவளா என்று கேட்ட துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

இனி, குறியை ஏற்றுக்கொண்ட ஒருவர். சோங் காலத்துப் பேரறிஞர் ஜூ ஷி (1130–1200) யீ ஜிங்கிற்கு உரை கண்டவர்; தண்டுகளை எண்ணும் பழைய முறையினை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியவரும் அவரே. நூலில் மெய்யியல் மட்டுமே கண்ட அறிஞர்களிடம், இது முதலில் குறி நூலே என்று வாதிட்டவர். 1194இல் அரசவையில் பேரரசருக்குப் பாடம் சொல்லும் பணி கிடைத்தது. இரண்டு திங்களுக்குள் பறிபோயிற்று. ஹான் துவோஜோ என்பவனின் கை ஓங்கி, நேர்மையாளரான முதலமைச்சர் ஜாவ் ருயூ நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூ ஷி பேரரசருக்கு நெடியதொரு முறையீடு எழுதினார். அனுப்பினால் பேரிடர் உறுதி என மாணவர்கள் மன்றாடினர், அவர் செவிசாய்க்கவில்லை. சாய் யுவான்திங் என்பவர், குறி பார்த்து முடிவு செய்யலாம் என்றார். தண்டுகள் எண்ணப்பட்டன. கிடைத்தது 'துன்': கீழே மலை, மேலே வானம், பின்வாங்குதல். ஜூ ஷி வாய் பேசாமல் முறையீட்டினை எரித்தார். 'பின்வாங்கிய கிழவர்' என்று தமக்கே பெயரும் சூட்டிக்கொண்டார்.

இது கோழைத்தனமா? அவ்வினாவை ஒதுக்கிவிட முடியாது. எழுதுகோல் ஏந்தியோர், எழுதியதை அனுப்பாமல் எரித்தவரை எளிதில் மன்னிப்பதில்லை. ஆனால் தண்டுகள் எதிர்காலத்தைக் காட்டவில்லை. அனுப்பினால் என்ன ஆகும் என்பதை மாணவர்களே முன்னர்ச் சொல்லியிருந்தனர். அவர் அறியாதிருந்தது, பின்வாங்குதலும் மானமுள்ள செயலாகலாம் என்பதை. அன்பர்களின் கண்ணீருக்கு இணங்கியிருந்தால் அச்சத்திற்கு இணங்கியதாகவே அவர்க்குத் தோன்றியிருக்கும். தாம் வாழ்நாளெல்லாம் ஓதிய நூல் சொன்னபோது இணங்க முடிந்தது. அந்நூலும் பின்வாங்குதலை ஓட்டம் என்று கூறவில்லை. கீழிருந்து இருள் வளர்கையில் வானம் மலையைவிட்டு விலகி நிற்பதாகவே அக்குறியை விளக்குவர்.

மௌனம் காப்பளித்ததா எனில், ஓரளவே. அவர் கல்வி 'பொய்க் கல்வி' எனத் தடை செய்யப்பட்டது. குறி பார்க்கலாம் என்று சொன்ன சாய் யுவான்திங்கே நாடு கடத்தப்பட்டார். புறப்படுமுன் ஆசிரியரும் மாணவரும் ஓர் இரவு முழுதும் உறங்காமல், யீ ஜிங்கின் குறிகளை அடிப்படையாகக் கொண்ட பழைய நூலொன்றைத் திருத்திக்கொண்டிருந்தனர். எந்தக் குறியும் அன்று பார்த்ததாகச் செய்தி இல்லை. பின்னர்ச் சாய், மகன் உடன்வர, கால்களில் குருதி வடிய நெடுந்தொலைவு நடந்து சென்றார். 1198இல் அயலிடத்திலேயே இறந்தார். ஜூ ஷி மேலும் இரண்டாண்டுகள் வாழ்ந்து, இறக்கும் நாள் நெருங்கியபோதும் தம் உரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1313இல் அவ்வுரைகளே அரசுத் தேர்வுக்கு உரிய பாடமாயின. எரிந்த முறையீட்டின் வாசகம் மட்டும் எவர்க்கும் கிட்டவில்லை.