நோய்ப்படுக்கையில் ஒரு திருமணம்

புற்றுநோய் ஒரு வீட்டினுள் நுழையுமானால், அது நோயாளி ஒருவரை மட்டும் வருத்துவதில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார் யாவரும் அந்நோயின் நிழலிலே வாழத் தொடங்குகின்றனர். வைத்தியர் தம்மால் இயன்றதைச் செய்வார். ஆயினும், ஒரு சிகிச்சைக்கும் அடுத்த சிகிச்சைக்கும் இடைப்பட்ட நாட்களை எதைப் பற்றிக்கொண்டு கடப்பது? இறைநம்பிக்கை, நட்பு என்று விடை கூறுவது எளிது. அவை இரண்டும் உண்மையில் எதைத் தரும், எதைத் தரமாட்டா என்பதை அறிவதற்கு, ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், அவர் மனைவி ஜோய் டேவிட்மன் ஆகிய இருவரின் வாழ்க்கை உதவுகிறது.

லூயிஸ் 1898ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரிற் பிறந்தவர். ஒக்ஸ்போட்டிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் கற்பித்தவர். சிறுவர்க்கான நார்னியாக் கதைகளாலும் கிறித்தவ சமய நூல்களாலும் பெரும்புகழ் எய்தியவர். ஐம்பது வயது கடந்தும் மணஞ்செய்யாதிருந்தார். ஜோய், 1915இல் நியூயோர்க் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த கவிஞர். இளமையில் நாத்திகராயிருந்து பின்னர் கிறித்தவரானவர். முதல் மணவாழ்வு முறிந்தபின் தம் புதல்வர் இருவருடன் இங்கிலாந்தில் வந்து குடியேறினார். அவர் அந்நாட்டில் தொடர்ந்து வாழ்வதற்கு உதவும்பொருட்டு, 1956 ஏப்பிரலில் லூயிஸ் அவரைப் பதிவுத் திருமணஞ் செய்தார். அது நண்பருக்குச் செய்த உதவியாகவே அப்பொழுது கருதப்பட்டது. இருவரும் தனித்தனி வீடுகளிலேயே வாழ்ந்தனர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஜோயின் தொடையெலும்பு முறிந்தது. வைத்தியசாலையிற் சோதித்தபோது, புற்றுநோய் மார்பிலிருந்து எலும்புவரை பரவியிருப்பது தெரியவந்தது. சத்திரசிகிச்சைகளும் கதிர்ச் சிகிச்சையும் தொடர்ந்தன. இழக்கப்போகும் வேளையிலேதான், தாம் அவரை எத்துணை நேசிக்கிறார் என்பதை லூயிஸ் உணர்ந்தார். திருச்சபை முறைப்படி மணஞ்செய்ய விரும்பினார். ஜோய் மணவிலக்குப் பெற்றவர் என்பதனால் ஒக்ஸ்போட் ஆயர் அதற்கு இசையவில்லை. லூயிஸின் பழைய மாணவரான பீற்றர் பைட் என்ற குருவானவர், நோயாளியின்மேற் கைவைத்துச் செபிப்பதற்காக அழைக்கப்பட்டு வந்திருந்தார். செய்தியறிந்த அவர் தம் மனச்சாட்சியின்படி முடிவெடுத்து, 1957 மார்ச் 21ஆந் திகதி வைத்தியசாலைப் படுக்கையருகிலேயே அவர்களுக்கு மணம் முடித்துவைத்தார்.

ஜோய் இன்னும் சில வாரங்களே வாழ்வார் என எண்ணி, அவரை லூயிஸின் இல்லத்துக்குக் கொண்டுசென்றனர். அவ்வீட்டில் வாழ்ந்த லூயிஸின் தமையனார் வாரன், தம்பியின் புது வாழ்வைச் சுமையாகக் கருதாது, ஜோயை உடன்பிறந்தாளாக ஏற்றுக்கொண்டார். எதிர்பாராத வகையில் நோய் தணிந்தது. சிதைந்த எலும்பு வளர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஜோய் கோலூன்றி நடக்கலானார். அக்காலத்திலேயே லூயிஸுக்கு எலும்பு நலிவு நோய் கண்டது. ஒருவர் மற்றவரின் நோவைத் தாம் ஏற்றுக்கொள்ளலாம் என்ற கருத்தை, அவருடைய மறைந்த நண்பர் சார்ள்ஸ் வில்லியம்ஸ் போதித்ததுண்டு. அதை எண்ணி லூயிஸ் தம் நோவையும் மகிழ்வுடன் பொறுத்தார். 1958இல் தம்பதியர் அயர்லாந்து சென்று, அங்கிருந்த பழைய நண்பர்களைக் கண்டு மகிழ்ந்தனர்.

1959 ஒக்டோபரில் வழக்கமான சோதனையின்போது நோய் திரும்பியது தெரிந்தது. பழைய கிரேக்கத்தைக் காணவேண்டும் என்பது ஜோயின் நெடுநாள் ஆவல். நோயாளியைப் பயணத்துக்கு அழைப்பதா என்று தயங்கிப் பின்வாங்காது, றோஜர் லான்ஸ்லின் கிறீன் தம்பதியர் 1960 ஏப்பிரலில் அவர்களுடன் கிரேக்கம் சென்றனர். நோவுடனேயே ஜோய் அக்ரோபொலிஸ் குன்றின் உச்சிக்கு ஏறினார். மைசீனியின் சிங்க வாயில்வரை சென்றார். அவ்வாண்டு யூலை 13ஆந் திகதி, நாற்பத்தைந்தாவது வயதில் மறைந்தார். முன்னர் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சியாக நின்ற நண்பர் ஒஸ்ரின் பாரர் என்ற குருவானவரே இறுதிச் சடங்கையும் நடத்தினார்.

இத்தனை செபத்துக்குப் பின்னரும் அவர் இறந்தாரே எனச் சிலர் வினவக்கூடும். லூயிஸும் அவ்வாறே வினவினார். அத்துயரையும் கோபத்தையும் ஐயத்தையும் மறையாது எழுதி, 1961இல் புனைபெயரிலே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். உலகுக்குச் சமய நம்பிக்கையை விளக்கிய அறிஞர், தம் நம்பிக்கை ஆட்டங்கண்டதை ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனைக் கைவிடவில்லை. நம்பிக்கையை, இறைவனுடன் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தமாகக் கருதியிருந்தால், அது ஜோயுடனேயே மடிந்திருக்கும். அவர்களுக்கு அது கிடைத்த நாளை நன்றியுடன் வாழும் வலிமையைத் தந்தது. மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட இல்லறத்தை, எதிர்பாராது கிடைத்த செல்வமாகவே இருவரும் கருதினர்.

மருத்துவத்தையும் அவர்கள் ஒருபோதும் புறக்கணிக்கவில்லை. செபமும் சிகிச்சையும் அவர்களிடத்தே ஒன்றையொன்று விலக்கவில்லை. இன்றைய மருத்துவம் அன்றையதைவிட வெகுதூரம் முன்னேறியுள்ளது. மார்பிலே கட்டி முதலிய மாற்றம் எதனையும் கண்டவர், நேர்த்திக்கடனை நினைந்தாலும், உடனே வைத்தியரை நாடுவதே முறை.

அந்த நண்பர்கள் நோயைப் பற்றி விரிவுரை நிகழ்த்தவில்லை என்பதையும் நேயர்கள் கவனித்தல் நன்று. ஒருவர் சாட்சியாக நின்றார். ஒருவர் மணமுடித்து வைத்தார். ஒருவர் தம் வீட்டிலே இடமளித்தார். ஒரு தம்பதியர் பயணத்துக்குத் துணைவந்தனர். அயலிலே இத்தகைய நோயுற்ற குடும்பம் இருப்பின், அவர்களுக்கும் இவைபோன்ற சிறு காரியங்களே தேவைப்படும். வைத்தியசாலைக்கு உடன்செல்லலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரலாம், ஒரு வேளை உணவு சமைத்துக் கொடுக்கலாம். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராமல், செய்யக்கூடிய ஒன்றை இந்த வாரமே போய்ச் செய்யலாம்.