கட்டாயத் தடுப்பூசியும் குவாதலூப் மக்களும்



கொள்ளைநோய்க் காலத்தில் அரசாங்க ஊழியரும் வைத்தியசாலை ஊழியரும் தடுப்பூசி ஏற்றியே ஆகவேண்டுமெனச் சட்டமியற்றுதல் முறையாகுமா என்னும் வினாவை இன்று எடுத்துக்கொண்டுள்ளோம். இதனை வெறுங் கொள்கையாகப் பேசிப் பயனில்லை. கரீபியன் கடலில், பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் என்னுஞ் சிறு தீவில் நடந்ததை முன்வைத்தே பேச விரும்புகின்றோம். 1854 முதலாகத் தமிழகக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம்மினத்தாரின் சந்ததியார் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அவர்கள்பொருட்டு மட்டும் இதனைச் சொல்ல வந்தோமல்லேம்.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். 2021 ஆகஸ்டு 5ஆந் திகதி பிரான்சு இயற்றிய சட்டப்படி வைத்தியர், தாதியர், முதியோர் இல்லப் பணியாளர், தீயணைப்புப் படையினர் முதலியோர் செப்டெம்பர் 15க்குள் கொவிட் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியிருத்தல் வேண்டும். மறுப்போர் சம்பளமின்றி இடைநிறுத்தப்படுவர். இது அந்நாட்டிற்குப் புதுமையன்று; ஈரலழற்சி பி நோய்க்கான ஊசி வைத்தியசாலை ஊழியருக்கு 1991 முதலே கட்டாயமாக இருந்தது.

சட்டத்தின் அடிப்படையைத் தவறென்று நாம் கூறோம். மூச்சுத் திணறிக் கட்டிலிற் கிடப்பவன் தன்னைத் தூக்கவரும் தாதியைத் தெரிந்தெடுப்பதில்லை. டெல்டா வகைக் கிருமி பரவிய அந்நாட்களில் ஊசி தொற்றை முற்றாகத் தடுக்காவிடினும் குறைத்தது. கடும் நோயையும் மரணத்தையும் பெரிதுந் தடுத்தது. நோயாளியைத் தொட்டுப் பணிசெய்வோரிடம் அதனைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. கந்தோரிற் கோப்புப் புரட்டும் எழுதுவினைஞரை இத்தாதியோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதும் நம் கருத்து. பிரெஞ்சுச் சட்டமும் எல்லா அரசாங்க ஊழியரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பெருநிலப் பிரான்சில் ஊழியரிற் பெரும்பாலோர் இணங்கினர். குவாதலூப்பிலோ நிலைமை வேறு. அவ்வாண்டு ஆகஸ்டில் வைத்தியசாலைகள் நோயாளரால் நிரம்பி வழிந்தன. பாரிசிலிருந்து வைத்தியரும் தாதியரும் விமானமேறி வந்தனர். மரணத்தைக் கண்முன் கண்டும் தீவார் பலர் ஊசியை ஏற்க மறுத்தனர். நவம்பர் 15இல் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் தொடங்கின. வீதிகள் மறிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, ஊரடங்குச் சட்டம் பிறந்தது, விசேட பொலிசுப் படை வந்திறங்கியது.

இம்மக்கள் அறிவிலிகளா? அப்படி எழுதிய பத்திரிகைகள் உண்டு. அவற்றை எழுதியவர்கள் வாழைத்தோட்டத்தை எட்டிப் பார்த்தவர்களல்லர் போலும்!

வாழை நட்டுப் பிழைப்போர் இச்சபையிற் பலர் உளர். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு செய்யும் நாசத்தை அவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அவ்வண்டை அழிக்கக் குளோர்டெக்கோன் என்னும் நஞ்சைக் குவாதலூப்பிலும் அயலிலுள்ள மார்த்தினிக்கிலும் தெளிக்கப் பிரெஞ்சு அரசாங்கம் 1972இல் அனுமதித்தது. 1975இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் இதே நஞ்சை உற்பத்திசெய்த தொழிலாளர் கைகால் நடுங்கி நோயுற, அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அச்செய்தி உலகறிந்தது. அறிந்தும் 1981இல் பாரிசு மீண்டும் அனுமதி வழங்கிற்று. 1990இல் பிரான்சில் அது தடைசெய்யப்பட்டது. தீவுகளின் வாழைத் தோட்டங்களுக்கு மட்டும் 1993 வரை விலக்களிக்கப்பட்டது. பாரிசின் மண்ணுக்கு ஒரு நீதி, தோட்டக் கூலியின் மண்ணுக்கு வேறொரு நீதி! இவ்விரு தீவுகளிலும் வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் அந்நஞ்சு உண்டென்று அரசாங்கத்தின் சுகாதாரப் பகுதியினரே பின்னர் கண்டறிந்தனர். ஆற்று மீனும், மண்ணில் விளையும் கிழங்கும் ஐயத்துக்குரியனவாயின.

"தீங்கில்லை" என்று ஒருமுறை சொன்ன அதே அரசாங்கம் "இந்த ஊசியில் தீங்கில்லை" என்று மறுமுறை சொல்லும்போது அத்தோட்டக்காரன் எதை நம்புவான்? அவன் ஐயம் ஊசியைப்பற்றிப் பிழையானது, அரசைப்பற்றிப் பிழையானதன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் ஆட்சியாளரின் கடமையாயிருந்தது. அவர்களோ பொலிசை அனுப்பினர். 2017இல் தீப்பற்றிச் சேதமுற்ற பெரிய வைத்தியசாலையின் குறையும், குழாயில் நீர் வாராத நாட்களின் கணக்கும் மக்கள் நெஞ்சில் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் தாதியின் சம்பளத்தை வெட்டினால் ஊசி ஏறுமா? வைத்தியசாலையில் ஆள்தான் குறையும்.

கலகம் மூண்டபின், சட்டத்தை டிசம்பர் 31 வரை தள்ளிவைத்தனர். தீவின் சுயாட்சிபற்றியும் பேசத் தயார் என்றார் மந்திரி செபஸ்தியன் லெகோர்னு. மக்கள் கேட்டது வைத்தியசாலையும் நீரும். கிடைத்தது அரசியற் பேச்சு!

சட்டத்துக்கு முன்னர் செய்யத்தக்கன சில இருந்தன. தீவாரின் கிரியோல் மொழியிற் பேசும் உள்ளூர் வைத்தியரை வீடு வீடாக அனுப்பியிருக்கலாம். மறுக்குந் தாதிக்குப் பட்டினியைக் காட்டாது, நோயாளியைத் தொடாத வேலையைக் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, நஞ்சுக் கணக்கைத் தீர்க்கத் தொடங்கியிருக்கலாம்.

2023 மே மாதத்தில் இக்கட்டாயம் இடைநிறுத்தப்பட்டது. ஊழியருக்கு மீளவும் வேலைக்குத் திரும்ப வழி பிறந்தது. குளோர்டெக்கோன்பற்றி 2006இல் கொடுக்கப்பட்ட முறைப்பாட்டையோ, எவர்மீதும் குற்றஞ்சாட்டாமலே 2023 சனவரியில் விசாரணை நீதிபதிகள் முடித்துவைத்தனர். 2025 மார்ச்சிலேதான் பாரிசு நிருவாக மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பிழையை எடுத்துக்காட்டி, நஞ்சுக்கு அஞ்சி வாழ்ந்தமையை நிரூபிப்போருக்கு நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.